குருமடத்துக்குப் போகும் பாதை: பிள்ளைக்கும் வீட்டாருக்கும்

"நான் ஃபாதர் ஆகப் போறேன்" என்று பிளஸ் டூ படிக்கும் மகன் சொன்னதும் வீட்டில் நான்கு கேள்விகள் எழும். யாரிடம் போய்க் கேட்பது? எத்தனை வருஷம் படிக்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்? நடுவில் பிடிக்காமல் போனால் பிள்ளையின் கதி என்ன? இந்த நான்குக்கும் விடை சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை. குத்தம்பாக்கம், நேமம், திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இலத்தீன் வழிபாட்டு முறைக்கான அடிப்படை விதிகள் உலகம் முழுவதற்கும் ஒன்றே என்பதால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இது பயன்படும்.

குத்தம்பாக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கமாகச் சில கிலோமீட்டர் வந்தாலே பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடம் இருக்கிறது. 1935இல் சென்னைப் பேராயராகப் பொறுப்பேற்ற சலேசிய சபைத் துறவி லூயி மத்தியாஸ், அடுத்த ஆண்டே, 1936இல், இதைத் தொடங்கினார். பல மறைமாவட்டங்களின் மாணவர்கள் இங்கே படித்துக் குருக்களாகியிருக்கிறார்கள். குருமடம் என்றால் என்ன என்று நேரில் பார்க்க மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியதில்லை. பங்குத்தந்தையிடம் சொல்லி, முன்கூட்டியே அனுமதி வாங்கி, அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து எண்ணினால் குருப்பட்டம் பெற ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். வேண்டுமென்றேதான் இவ்வளவு நீளமாக வைத்திருக்கிறார்கள். திருச்சபை பிள்ளையைப் பார்க்கிறது. பிள்ளையும் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொல்ல இத்தனை ஆண்டுகள் இடம் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும்.

யார் குருவாகலாம்

திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்ற, மணமாகாத கத்தோலிக்க ஆண் விண்ணப்பிக்கலாம். மனைவியை இழந்தவருக்கும் தடையில்லை. குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டத்துக்குக் குறைந்தது 23 வயதும், குருப்பட்டத்துக்கு 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி. தொடங்கும் வயது இடத்துக்கு இடம் மாறும். முன்பு எட்டாம் வகுப்பு முடித்த சிறுவர்களைக்கூடச் சிறு குருமடங்களில் சேர்த்தார்கள். இப்போது பொதுவாக பிளஸ் டூ முடித்த பிறகே சேர்க்கிறார்கள். டிகிரி முடித்தவர்களும், அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஐ.டி. கம்பெனியிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களும் வருகிறார்கள். அவர்களை வரவேற்கிறார்கள்.

அண்மையில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானவர் உடனே பட்டம் பெற முடியாது. விசுவாசத்தில் போதுமான காலம் ஊன்றி நின்றதாக ஆயர் தீர்மானிக்க வேண்டும். தற்கொலை முயற்சி போன்ற சில கடந்தகால நிகழ்வுகளும் சட்டப்படி தடையாகும். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் ஆராய்வார்கள். இவற்றில் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால் மறைக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சில தடைகளுக்கு முறையாக விலக்குப் பெற வழி இருக்கிறது. எட்டாம் ஆண்டில் வேறொருவர் மூலம் தெரியவந்தால் எல்லோருக்கும் வேதனைதான்.

மதிப்பெண் குறைவு என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தையாக வாழ்ந்த புனித ஜான் மரிய வியான்னிக்கு இலத்தீன் ஏறவே இல்லை. குருமடத்திலிருந்து அவரை அனுப்பியும் விட்டார்கள். விடாமல் படித்து 1815இல் குருவானார். இன்று உலகின் பங்குத்தந்தையர் அனைவருக்கும் அவரே பாதுகாவலர். நம் பிள்ளைகளுக்கு இலத்தீன் அளவுக்குச் சிரமம் தருவது ஆங்கிலம். பெரிய குருமடங்களில் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்வழியில் படித்த மாணவன் பிளஸ் டூ விடுமுறையிலேயே தினமும் அரை மணி நேரம் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கினால் முதல் ஆண்டு நெருக்கடி பாதியாகக் குறையும்.

எந்த மறைமாவட்டம், எந்தச் சபை

குருத்துவத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. மறைமாவட்டக் குரு ஓர் ஆயரின் கீழ், ஒரு நிலப்பரப்புக்குள் பணி செய்வார். பெரும்பாலும் பங்குத்தந்தையாக இருப்பார். சபைக் குரு ஒரு துறவற சபையின் உறுப்பினர். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்து, சபை அனுப்பும் இடத்துக்குப் போவார். பள்ளி நடத்துவது, சேரி மக்களோடு பணி செய்வது, வட இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ மறைப்பணி செய்வது என்று ஒவ்வொரு சபைக்கும் ஒரு தனிப் பணி இருக்கும்.

மறைமாவட்டக் குருவாக விரும்பினால் உங்கள் ஊர் எந்த மறைமாவட்டம் என்று அறிந்துகொள்ளுங்கள். குத்தம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் சென்னை-மயிலைப் பேராயரின் எல்லைக்குள் வருகிறது. சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2002இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மறைமாவட்டம். சித்தப்பா வீடு அங்கே இருக்கிறது என்பதற்காக அங்கே விண்ணப்பிப்பது வழக்கமல்ல. பொதுவாக நீங்கள் குடியிருக்கும் பங்கே கணக்கு.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் கேரளத்திலிருந்து வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. அவர்களில் சீரோ மலபார் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்களுக்கு 2017இல் ஓசூர் மறைமாவட்டம் அமைந்தது. பிள்ளை பக்கத்து இலத்தீன் பங்கில் பீடச்சிறுவனாக வளர்ந்திருந்தாலும் சட்டப்படி அவன் எந்த வழிபாட்டு முறைக்கு உரியவன் என்பதைப் பெற்றோர், பொதுவாகத் தந்தை, எந்த முறைக்கு உரியவர் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சபைக்குப் போக விரும்பினால் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளைப் பாருங்கள். சலேசிய சபை இளைஞர்களுக்கான பணியை மையமாகக் கொண்டது. அங்கே நவதுறவு, அதாவது சபை வாழ்வின் தொடக்கப் பயிற்சிக் காலம், ஓர் ஆண்டு. இயேசு சபையில் நவதுறவே இரண்டு ஆண்டு. மொத்தப் பயிற்சியும் மறைமாவட்டக் குருவின் பயிற்சியைவிட நீளம். குருவாகாமல் துறவற சகோதரராகவே வாழ்நாள் முழுவதும் பணி செய்யும் வழியும் சபைகளில் இருக்கிறது. பலிபீடத்தைவிட வகுப்பறையும் மருத்துவமனையும் ஈர்க்கும் பிள்ளைகள் அதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

முதல் ஆண்டு: பேச வேண்டிய ஆட்கள்

முதலில் பேச வேண்டியவர் பங்குத்தந்தை. ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் கேட்காதீர்கள். வார நாளில் நேரம் கேட்டுப் போய், பிள்ளையையே பேச விடுங்கள். அம்மா வாயைத் திறந்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான்.

பங்குத்தந்தை உங்களை மறைமாவட்டத்தின் இறையழைத்தல் பணிக்குழுப் பொறுப்பாளரிடம் அனுப்புவார். பெரும்பாலும் பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடக்கும். சில நாள் அங்கே தங்கி, செபித்து, விளையாடி, கேள்வி கேட்டு வருவதற்கான இடம் அது. முகாமுக்குப் போனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது நல்லாயன் ஞாயிறு, 1964 முதல் இறையழைத்தலுக்கான உலகச் செப நாளாக இருக்கிறது. பல பங்குகளில் அன்றே முகாம் பற்றிய அறிவிப்பு வரும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் கேட்கும் கேள்விகள் சாதாரணமாகவே இருக்கும். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? கடன் இருக்கிறதா? உனக்கு இந்த எண்ணம் முதலில் எப்போது வந்தது? யாராவது சொல்லி வந்தாயா? கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய்? நண்பர்களோடு சண்டை வந்தால் என்ன செய்வாய்? யாரையாவது காதலித்திருக்கிறாயா? இவற்றுக்கு மனப்பாடமான விடை வேண்டாம். "ஏசு கூப்பிட்டார்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையைவிட, "எங்க ஃபாதர் வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில சோத்துப் பொட்டலம் தூக்கிட்டு வந்தாரு, அதப் பாத்து ஆசை வந்துச்சு" என்று சொல்லும் பிள்ளையைப் பொறுப்பாளருக்கு எளிதில் புரியும். காதல் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்வதால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள். பொய்யைத்தான் தள்ளுவார்கள்.

அம்மாவின் நேர்ச்சை

நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. பிள்ளை பிறக்காமல் தவித்த அம்மா, "ஆண் குழந்தை கொடுத்தால் அவனை உமக்கே சாமியாராகக் கொடுத்துடுறேன் தாயே" என்று வேளாங்கண்ணியில் நேர்ந்துகொள்கிறார். பதினெட்டு ஆண்டு கழித்து அந்த நேர்ச்சையின் பாரம் பிள்ளையின் தோளில் ஏறுகிறது. நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193 தெளிவாகச் சொல்கிறது. அம்மா செய்த நேர்ச்சை மகனைக் கட்டாது. மனச்சுமை இருக்கும் அம்மாக்கள் பங்குத்தந்தையிடம் சொன்னால், நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ள முறைப்படி வழி சொல்வார்.

சட்டம் 1026 இன்னும் அழுத்தமானது. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பட்டம் பெறச் செய்யக்கூடாது. தகுதியுள்ளவரைத் தடுத்து நிறுத்தவும் கூடாது. "ஒரே பையன், வம்சம் நின்னுடும்" என்று தடுக்கும் அப்பாக்கள் இரண்டாம் பாதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒரே மகன் குருவாகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் வயதான காலத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வி நியாயமானது. அதைக் கோபமாகக் கேட்காமல் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள்.

சேர்த்து வைக்க வேண்டிய தாள்கள்

அண்மையில் வாங்கிய திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிப்பூசுதல் சான்றிதழ், பெற்றோரின் கோவில் திருமணச் சான்றிதழ், பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், மருத்துவச் சான்றிதழ், புகைப்படங்கள். முன்பு வேறொரு குருமடத்திலோ சபையிலோ இருந்து வந்தவர் என்றால் அங்கிருந்து ஏன் விலகினார் என்பதற்கு அந்த இல்லத்தின் தலைவரான அதிபரின் கடிதமும் வேண்டும்.

திருமுழுக்குச் சான்றிதழ் ஏன் புதிதாக வேண்டும் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓரத்தில் சிறிது இடம் இருக்கும். உறுதிப்பூசுதல், திருமணம், துறவற வார்த்தைப்பாடு, குருப்பட்டம் என்று அவர் வாழ்வில் நடக்கும் ஒவ்வொன்றும், உலகின் எந்த மூலையில் நடந்தாலும், திருமுழுக்குப் பெற்ற அந்தக் கோவிலுக்குத் தெரிவிக்கப்பட்டு அந்த ஓரத்தில் குறிக்கப்படும். புதிய சான்றிதழில் அந்த ஓரக்குறிப்புகளும் சேர்ந்து வரும். பழைய சான்றிதழில் வராது. ஆகவே திருநெல்வேலியிலோ வேலூரிலோ திருமுழுக்குப் பெற்ற பிள்ளை என்றால் இரண்டு மாதம் முன்பே அந்தப் பங்குக்கு எழுதிப் போட்டுவிடுங்கள். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்யலாம்.

படிகள், ஒன்றன்பின் ஒன்றாக

குருக்களைப் பயிற்றுவிக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் குருமடம் வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் ஆணையிட்டது. அதற்கு முன் ஒரு குருவிடம் கூடவே இருந்து கற்றுக்கொள்வதுதான் பெரும்பாலும் வழக்கம். இன்றைய படிகளை 2016 டிசம்பர் 8 அன்று உரோமை வெளியிட்ட பயிற்சி நெறிமுறை வகுத்திருக்கிறது. பெயர்கள் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் சற்று மாறலாம். வரிசை மாறாது.

*புகுமுகக் காலம்.* ஓராண்டுக்குக் குறையாமல், இரண்டாண்டுக்கு மிகாமல். செபிக்க, விவிலியம் வாசிக்க, சேர்ந்து வாழ, ஆங்கிலம் கற்கப் பழகும் காலம். இந்த ஆண்டிலேயே விலகுபவர்கள் உண்டு. அதுவும் இந்த ஆண்டின் நோக்கமே.

*பட்டப்படிப்பு.* பல மறைமாவட்டங்கள் மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பி மூன்றாண்டுப் பட்டம் பெறச் செய்கின்றன. உங்கள் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். குருமடத்தில் பெறும் மெய்யியல், இறையியல் பட்டங்கள் பல உரோமைப் பல்கலைக்கழகங்களோடு இணைந்தவை. அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ அவை செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கும் ஒரு பட்டம் கையில் இருப்பது, குருவானாலும் ஆகாவிட்டாலும், பிள்ளைக்குப் பலம்.

*மெய்யியல்.* குறைந்தது இரண்டு ஆண்டு. அளவையியல், அறிவுக் கோட்பாடு, அறவியல், உளவியல், மேற்கத்திய மெய்யியல் வரலாறு, இந்திய மெய்யியல் என்று பாடங்கள் விரியும். கடவுள் இருக்கிறார் என்பதையே கேள்வி கேட்கும் நூல்களைப் பிள்ளை வாசிப்பான். விடுமுறைக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் அப்பாவோடு வாதாடுவான். பயப்படாதீர்கள். நாளை கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்கு முகம் கொடுக்கப் போகிறவன் அந்தக் கேள்விகளை முதலில் தன்னிடமே கேட்டாக வேண்டும்.

*ரீஜென்சி.* வகுப்பறையை விட்டு வெளியே ஓராண்டு அல்லது அதற்கு மேல். ஒரு பங்கிலோ பள்ளியிலோ விடுதியிலோ மூத்த குருவின் கீழ் வேலை. மக்கள் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். மறைக்கல்வி வகுப்பு, அன்பியக் கூட்டம், இறந்த வீட்டுச் செபம், பாடகர் குழுச் சண்டை எல்லாவற்றிலும் அவன் தலை உருளும். இந்தப் பணி தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளைக்கு உண்மையில் தெரியவருவது இங்கேதான்.

*இறையியல்.* நான்கு ஆண்டு. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் என்பது சட்டம். விவிலியம், திருச்சபை வரலாறு, ஒழுக்க இறையியல், திருவழிபாடு, திருச்சபைச் சட்டம், மறையுரை ஆற்றும் கலை எல்லாம் இதில் அடங்கும். மறையுரைப் பயிற்சியில் சக மாணவர்கள் முன் நின்று பேச வேண்டும். அவர்கள் குறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் கேட்டுக்கொண்டார். எட்டு நிமிடத்தில் உருப்படியாக ஒன்றைச் சொல்ல ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கவும் தனித் தகுதி வேண்டும். தேர்வில் தேறியவருக்கே அந்த அதிகாரத்தைத் தருவார்கள். இடையில் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிப் பொறுப்புகளும் வழங்கப்படும்.

பூந்தமல்லி தவிர, தமிழ் மாணவர்கள் பலர் திருச்சி புனித பவுல் குருமடத்திலும், பெங்களூரு புனித பேதுரு பாப்பிறைக் குருமடத்திலும் படிக்கிறார்கள். பெங்களூருக் குருமடம் 1778இல் புதுச்சேரியில் வேர்விட்டு, பிற்பாடு பெங்களூருவுக்கு மாறியது. எங்கே அனுப்புவது என்பதை ஆயர்தான் முடிவு செய்வார்.

*திருத்தொண்டர் பட்டம்.* தியாக்கோன் பட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வது. குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் படி இது. மறைமாவட்ட மாணவன் வாழ்நாள் முழுவதும் மணம் செய்துகொள்ளாமல் இருப்பதாக எல்லோர் முன்னிலையிலும் உறுதி கொடுப்பது குருப்பட்டத்தின்போது அல்ல, இந்தப் பட்டத்தின்போது. இதற்கு முன்வரை அவன் எந்த நாளிலும் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி வீட்டுக்கு வரலாம். இதற்குப் பிறகு அந்தக் கடமையிலிருந்து விடுபட உரோமையின் அனுமதி வேண்டும். ஆகவே பிள்ளையோடு மனம்விட்டுப் பேச வேண்டிய காலம் இதற்கு முந்திய ஆண்டு. "ஊரே எதிர்பார்க்குது, இப்ப எப்படிச் சொல்றது" என்ற தயக்கத்தோடு ஒருவனும் அந்தப் பீடத்தின் முன் நிற்கக்கூடாது.

பட்டத்துக்கு முன் அவன் பெயரைச் சொந்தப் பங்கில் பூசையில் அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கு முன் குறைந்தது ஐந்து நாள் தியானமும் உண்டு.

*குருப்பட்டம்.* திருத்தொண்டராகக் குறைந்தது ஆறு மாதம் இருந்த பிறகு. பட்டம் பெறுபவர் தன் கைகளை ஆயரின் கைகளுக்குள் வைத்துக் கீழ்ப்படிவதாக வாக்களிப்பார். தரையில் முகம் குப்புறக் கிடக்க, மக்கள் புனிதர்களின் பிரார்த்தனை மாலையைப் பாடுவார்கள். பின் ஆயரும் அங்கே இருக்கும் குருக்கள் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து மௌனமாக அவர் தலைமேல் கைகளை வைப்பார்கள். உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலம் பூசப்படும். அடுத்த சில நாட்களில் சொந்த ஊரில் நன்றித் திருப்பலி. ஃபிளக்ஸ் வைப்பதும் ஊருக்குச் சோறு போடுவதும் அன்றைக்கு இருக்கட்டும்.

உள்ளே வாழ்க்கை

விடியற்காலை எழுந்து தியானம், காலைப் புகழ், திருப்பலி. பிறகு வகுப்பு. மாலையில் விளையாட்டோ தோட்ட வேலையோ. இரவு செபத்துக்குப் பின் பேச்சு நின்றுவிடும். கைப்பேசிக்குக் கட்டுப்பாடு உண்டு. முதல் மூன்று மாதம் வீட்டு நினைப்பு வாட்டும். அம்மா போனில் அழுதால் அது இரட்டிப்பாகும்.

அறிவு வளர்ச்சியோடு மனிதப் பண்பு, ஆன்மிகம், மேய்ப்புப் பணி என்று நான்கையும் சேர்த்துப் பார்க்கும் முறை, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் எழுதிய மடலிலிருந்து வழக்கில் உள்ளது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆன்ம குரு இருப்பார். அவரிடம் சொல்வது அதிபரின் காதுக்குப் போகாது. சிறுவர் பாதுகாப்பும் இப்போது பாடத்தில் உண்டு. மாணவர்களுக்குச் செய்யும் உளவியல் மதிப்பீட்டையும் வரவேற்க வேண்டும். நாளை குருக்களிடம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் பெற்றோருக்கு இவை கொடுக்கும் மரியாதை.

சாதி பற்றியும் சொல்லியாக வேண்டும். குத்தம்பாக்கத்துச் சமத்துவபுரத்தில் வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரின் இருபுறமும் இரட்டை வீடுகளில் குடியிருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, குருமடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது புதிதாக இருக்காது. தமிழகத் திருச்சபைக்குள்ளும் சாதி இருக்கிறது. சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று இந்திய ஆயர்கள் 2016இல் தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டிவந்தது. பங்கில் இரண்டு தெருக்காரர்களும் ஒரே குருவிடம் மனம்திறந்து பேசவேண்டும் என்றால், அவர் குருமடத்திலேயே அந்தக் குணத்தோடு வளர்ந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் மகனிடம் "நம்மாளுங்க எத்தனை பேரு உங்க பேட்ச்ல?" என்று கேட்பதை வீட்டார் நிறுத்தினாலே அதற்குப் பெரிய உதவி.

பணமும் வீட்டுக் கடமையும்

பயிற்சிச் செலவில் பெரும்பகுதியை மறைமாவட்டமோ சபையோ ஏற்கும். வசதிக்கேற்ப வீட்டிலிருந்து ஒரு தொகை கேட்பார்கள். கட்ட முடியாவிட்டால் சொல்லுங்கள். பணமில்லை என்பதற்காக நல்ல பிள்ளையை யாரும் இழக்க விரும்புவதில்லை.

மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. பரம்பரைச் சொத்து அவர் பெயரில் இருக்கலாம். மாதாந்திரப் படி சிறிதாகக் கிடைக்கும். அதில் வீட்டுக் கடனை அடைக்க முடியாது. குரு வணிகம் செய்யக்கூடாது. தன் மேலதிகாரியிடம் கேட்காமல் யாருக்கும் ஜாமீன் நிற்கவும் கூடாது என்கிறது சட்டம் 285. தம்பியின் பைக் லோனுக்கு 'ஃபாதர் அண்ணன்' கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். அக்கா கல்யாணம், அப்பாவின் கடன், வீட்டுப் பட்டா ஆகிய மூன்றையும் பிள்ளை திருத்தொண்டர் ஆகும் முன்பே குடும்பம் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவனும் பாரமில்லாமல் பணி செய்வான்.

திரும்பி வரும் பிள்ளை

குருமடத்தில் சேர்பவர்கள் அனைவரும் குருவாவதில்லை. சிலர் தாங்களே விலகுகிறார்கள். சிலரை அதிபரும் ஆசிரியர்களும் ஆலோசித்து, உனக்கு வேறு வழி இருக்கிறது என்று அனுப்புகிறார்கள். இரண்டுமே பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் நம் ஊர்களில் திரும்பி வந்தவனைக் கடைத்தெருவில் நிறுத்தி, "என்னப்பா, பாதியில வந்துட்ட?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே, மனமில்லாமல், மேலும் இரண்டு படி ஏறிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் துயரம் ஒரு குருவின் வாழ்நாள் முழுவதும் நீளும். அவரை நம்பி வரும் மக்களையும் தொடும்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: பிள்ளை கிளம்பும் நாளில் "வருங்காலக் குருவே" என்று ஃபிளக்ஸ் கட்டாதீர்கள், விருந்து வைக்காதீர்கள். "போய்ப் பாருடா. பிடிச்சா இரு, பிடிக்கலன்னா வந்துடு. இது உன் வீடு" என்று சொல்லி அனுப்புங்கள். அதை அவன் நம்பும்படி ஒவ்வொரு விடுமுறையிலும் நடந்துகொள்ளுங்கள். திரும்பி வர வீடு இருக்கிறது என்று அறிந்தும் அங்கேயே இருக்கத் தீர்மானிப்பவனின் 'ஆம்' உறுதியாக இருக்கும். பங்கு மக்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. திரும்பி வந்தவரை மறைக்கல்வி வகுப்புக்கும் பாடகர் குழுவுக்கும் கூப்பிடுங்கள். விவிலியத்தை முறையாகப் படித்த ஓர் இளைஞர் பங்குக்குக் கிடைப்பது சிறிய காரியமல்ல.

இந்த ஆண்டு செய்ய வேண்டியவை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: பங்குத்தந்தையிடம் பேசுங்கள். எந்த மறைமாவட்டம், எந்த வழிபாட்டு முறை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: பூந்தமல்லி குருமடத்தையும் ஒரு சபை இல்லத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரே குருவிடம் தொடர்ந்து ஆன்ம ஆலோசனை கேட்கப் பிள்ளை பழகட்டும்.

ஜனவரி, பிப்ரவரி: திருமுழுக்குச் சான்றிதழுக்கு எழுதுங்கள். மற்ற நேரமெல்லாம் பொதுத்தேர்வுக்கு. தேர்வைப் புறக்கணித்துவிட்டுச் செபம் செய்வதை எந்த அதிபரும் மெச்ச மாட்டார்.

ஏப்ரல், மே: இறையழைத்தல் முகாம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். கூடவே ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். இந்த ஆண்டு வேண்டாம், டிகிரி முடித்துவிட்டு வா என்று பொறுப்பாளர் சொன்னால், ஜூன் மாதத்தில் பிள்ளை சும்மா இருக்கக்கூடாது. மூன்றாண்டு கழித்து அதே ஆசை இருந்தால், அதே பங்குத்தந்தை அலுவலகத்தில் மறுபடி விண்ணப்பம் கொடுக்கலாம். அப்போது அவன் இன்னும் தெளிவோடு கேட்பான்.